வளைவில் நின்று பார்த்த சிலமலை

ஏலத்தோட்டப் பள்ளியில் ஆசிரியையாகச் சேரப் போன காலை அது. போடிமெட்டுப் பாதையில் சரிந்து கிடந்த பாறையை அகற்றும்வரை எங்கள் ஜீப்பு ஒரு வளைவில் நின்றது. இறங்கிப் பார்த்தேன். கீழே மூடுபனி மெல்ல விலக, போடியும் வயல்களும் தண்ணீருக்குள் கிடப்பவைபோல மங்கலாகத் தெரிந்தன.

ஜீப்பில் உடன் வந்த தோட்டத் தொழிலாளியான அக்கா, "தெக்கால தெரியுறது எந்த ஊரு டீச்சர்?" என்று கேட்டார்.

"சிலமலைக்கா" என்றேன், போடியிலேயே வளர்ந்தவள் என்பதால்.

அவர் பிறந்த ஊரே அதுதான். பல வருடமாக மலையேறியும், ஜீப்புக்குள் இருக்கும் நெரிசலில் ஒருநாளும் கீழே பார்த்ததில்லையாம். உடனே சிலமலையில் வயல்வேலையில் இருந்த தங்கைக்குப் போன் செய்தார்.

"மலையப் பாரு ஆத்தா. கைய ஆட்டுறேன், தெரியுதா?"

"மேகந்தான் தெரியுதுக்கா."

"அதுக்குள்ளதான் நிக்கிறேன்" என்றவர், ஜீப்பு கிளம்பும்வரை கையை இறக்கவே இல்லை.