தழும்புள்ள கடல்பசு

கடல்பசுக்களைக் கணக்கெடுப்பதற்காகக் கட்டுமாவடியிலிருந்து மூன்று நாள் படகில் சுற்றினோம். படகை ஓட்டியவருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். உப்பில் வெளுத்த சட்டை. அதிகம் பேசமாட்டார். சாப்பாட்டு நேரத்தில் தட்டோடு படகின் முன்முனைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்.

முதல் இரண்டு நாளும் ஆமைகளும் டால்பின்களும்தான் கண்ணில் பட்டன. மூன்றாம் நாள் காலை அவராகவே இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையைக் காட்டினார். ஒரு கடல்பசு மேலே வந்து மூச்சுவிட்டது. முதுகில் நீளமாக ஒரு வெள்ளைத் தழும்பு.

“முன்னாடியே பாத்திருக்கீங்களா?” என்றேன்.

“நம்ம வலையில மாட்டுனதுதாங்க. வலைய அறுத்து விட்டுட்டேன். கூட ஒரு குட்டியும் மாட்டியிருந்துச்சு. அது மூச்சு முட்டிச் செத்துப்போச்சு.”

அதன்பிறகு அந்தப் பக்கம் அவர் வலை போடுவதில்லையாம். சும்மா வந்து பார்த்துவிட்டுப் போவாராம்.

“அதுக்கு உங்கள அடையாளம் தெரியுமா?”

“தெரியாதுங்க. தெரியாம இருக்குறதுதான் எனக்கு நல்லது.”

கடல்பசு அமிழ்ந்துவிட்டது. நான் கணக்குத் தாளை எடுத்தேன்.

“ஒன்னுன்னுதானே எழுதுறீங்க?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர் வெகுநேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.