காற்றுக்கு ஆடும் கணவாய்

கைபேசியின் முகத்தைத் தலைத்துணியின் நுனியால் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்த்து, பிறகுதான் தலீலா அக்கா அதைக் கிழவர்கள் கையில் கொடுப்பார். "காதுல வைக்காதீங்க ஹாஜி. உங்க காது மயிரை எண்ணவா உங்க பையன் லீவு போட்டுட்டு ஜெர்மனியில உக்காந்திருக்கான்?" கடை சிரிக்கும். கொஞ்சம் தாமதமாக ஜெர்மனியும் சிரிக்கும்.

நான் அவரை அறிந்தது சான்றிதழை நகல் எடுக்கப் போன நாளில். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அக்கரை நகரமான ஸ்ஃபாக்ஸில் கணினி படித்துவிட்டு, படகேறி எங்கள் கெர்கென்னாத் தீவுக்குத் திரும்பியிருந்தேன். இயந்திரத்தில் வைக்கும் முன் அவர் அதைக் கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். "மீன் செதிலுக்கு நடுவுல பொறந்த பய, பாருங்க, முத்திரை குத்துன காகிதத்தோட வந்து நிக்கிறான்!" எனக்குக் காது சுட்டது. ஆனாலும் இன்னொரு தரம் வாசித்தால் என்ன என்றிருந்தது.

ஒரு காலத்தில் அது காசு போட்டுப் பேசும் டெலிபோன் கடை; இப்போது முகம் பார்த்துப் பேசும் வீடியோ அழைப்புக் கடை. மூன்று மரக்கூண்டுகள் இன்னும் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் மெத்தை போட்ட ஒரு நாற்காலி. கணவாய் பிடிக்கும் மண்சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கைபேசி. பிற்பகலில் அலை இறங்கும்போது கடலின் வெளிச்சம் தரையில் தவழ்ந்து உள்ளே வரும். லியோன், மர்ஸேய் என்று எங்கெங்கோ போன பிள்ளைகளின் முகங்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து எழுவதுபோல் கூண்டுகளில் மிதக்கும். அக்கா ஜன்னலோரம் முக்காலியில் அமர்ந்து ஊசிநூலில் பின்னிக்கொண்டிருப்பார். கண் பின்னலில் இருக்கும், காது மூன்று நாடுகளில் இருக்கும். "ஹாஜ்ஜா, முக்காட்டை இழுத்துக்கோங்க. சம்பந்தி பின்னால நடமாடுறாரு."

வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மூன்றாம் கூண்டு அம்மார் சித்தப்பாவுக்கு. எண்பத்தொரு வயது. அவரும் பெஷீரும் நாற்பது வருடம் ஒரே படகில் மடவை மீன் பிடித்தவர்கள். சிறுநீரகம் பழுதாகி, பெஷீர் இப்போது மர்ஸேயில் மகள் நாத்ராவின் வீட்டில் இருக்கிறார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். இனி ஊர் திரும்ப மாட்டார் என்பது இருவருக்கும் தெரியும்.

இருவரும் ஸலாம் சொல்வார்கள். அவ்வளவுதான். மடவைக்குப் பேச்சு ஆகாது. ஒரு சொல் விழுந்தால் கூட்டமே கலைந்துவிடும். நாற்பது வருடப் பழக்கம். ஒருவரையொருவர் பார்த்தபடி, இமைகூட அசையாமல், அப்படியே இருப்பார்கள். அந்தப் பக்கம் சமையலறைக்கும் கூடத்துக்கும் போய்வருகிற நாத்ரா, திரை உறைந்துவிட்டது என்று எண்ணி அழைப்பைத் துண்டித்துவிடுவாள். மூன்று வியாழன் இப்படியே போயிற்று.

நான்காம் வியாழன் சித்தப்பா வாசலோடு நின்றுவிட்டார்.

"அவனுக்கு என் மேல என்னமோ கோபம் மகளே. என் மூஞ்சியப் பாத்ததும் வெட்டி விட்டுர்றான். சாகப்போற நேரத்துல அவனை ஏன் தொந்தரவு பண்ணணும்? நான் வரல."

அக்கா என்னைக் கூப்பிட்டார். "பட்டதாரி, லைன்ல என்ன கோளாறுன்னு பாரு." இரண்டு நாள் பார்த்தேன். இணையப் பெட்டியைக் கூரைக்கு மாற்றினேன். வேகத்தை அளந்து ஒரு தாள் நிறைய எண்கள் எழுதிக் கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப லைன் நல்லாத்தான் இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு அக்கா."

"கோளாறு லைன்ல இல்ல தம்பி. ரெண்டு பேரும் படகுல உக்காந்திருக்காங்க."

என் படிப்பில் இதற்குப் பாடம் இல்லை.

வெளியே கம்பியில் காய்ந்துகொண்டிருந்த பேய்க்கணவாய் ஒன்றைக் கழற்றி, எட்டுக் கைகளும் விரிய, மூன்றாம் கூண்டுக்குப் பின்னாலிருக்கும் ஜன்னலில் நூல் கட்டித் தொங்கவிட்டார். நாத்ராவை அழைத்தார். "உங்க அப்பாவையும் பாக்காத, எங்க கிழவரையும் பாக்காத. பின்னால கணவாய் ஆடுதா, அதை மட்டும் பாரு. அது ஆடுற வரைக்கும் லைன் உயிரோட இருக்குன்னு அர்த்தம். பொத்தான்ல கை வச்ச, நீந்தி வந்து அடிப்பேன்." பிறகு நடந்துபோய்ச் சித்தப்பாவை வீட்டிலிருந்து இழுத்து வந்தார்.

அன்று பெஷீர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "பின்னால தொங்குதே, அது எங்க பிடிச்சது?"

"உன் பட்டியில."

பட்டி என்றால் மீன் மாட்டுவதற்கு ஈச்சமட்டை நட்டுக் கடலில் அடைத்த அவருடைய பங்கு. பெஷீர் தலையை மெல்ல ஆட்டினார். அதன்பின் ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. யாரும் துண்டிக்கவும் இல்லை.

பெஷீர் இன்னும் இருக்கிறார். தலீலா அக்கா அதே கடையில், அதே முக்காலியில் இருக்கிறார். வியாழன் அஸருக்குப் பிறகு மூன்றாம் கூண்டை யார் கேட்டாலும் தருவதில்லை. போன வியாழன் நான் அங்கே இருந்தேன். காற்றே இல்லை. கடல் கண்ணாடியாகக் கிடந்தது. கணவாயின் ஆட்டம் சிறுத்துச் சிறுத்து நிற்கப் போயிற்று. அக்கா பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே இடக்கையை நீட்டி, ஒற்றை விரலால் அதைத் தட்டிவிட்டார்.