யாத்தியின் ஒன்பது விரல்கள்

ஜாவாவின் முந்திலான் ஊர்ச் சந்தையில் தேங்காய் துருவும் எந்திரம் வைத்திருந்தவள் கஸ்மியாத்தியின் அம்மா. யாத்தி சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்த எந்திரம்தான் அவளுடைய இடக்கைச் சுண்டுவிரலை வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அம்மா மகளை எந்திரத்தின் பக்கம் அண்டவிட்டதில்லை. அந்தக் கையை நேராகப் பார்த்ததுமில்லை.

வணிகத் தொழிற்பள்ளியில் சேர்ந்ததும் யாத்தி தட்டச்சுப் பாடத்தை எடுத்தாள். 'பத்து விரல் குருட்டுத் தட்டச்சு' என்றுதான் அங்கே அதற்குப் பெயர். இந்தோனேசிய மொழியை எழுதுவதும் ஆங்கில எழுத்துகளில்தான். தட்டச்சு எந்திரத்தின் மேல் ஒரு துணியைப் போர்த்தி, மறுமுனையைக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். கை துணிக்கு அடியில் இருக்கும். கண் எதிரே இருக்கும் தாளில் இருக்க வேண்டும்.

முதல் நாளே, எல்லோரும் 'இபு', அதாவது அம்மா, என்று அழைக்கும் ஹர்டினி டீச்சர் அவள் கையைப் பார்த்துவிட்டார்.

"யாத்தி, நீ கணக்குப்பதிவுக்கு மாறிக்கோம்மா. இடது சுண்டுவிரலுக்குன்னு இருக்கிற முக்கிய எழுத்தே ஏ-தான். நம்ம பாஷையில அது இல்லாத வார்த்தை எத்தனை இருக்கு, சொல்லு?"

"ஒரு மாசம் இருந்து பார்க்கிறேன், இபு. வரலைன்னா நானே எந்திரிச்சுப் போயிடுறேன்."

பக்கத்து எந்திரத்திலிருந்த எண்டாங் கிசுகிசுத்தாள்: "கஸ்மியாத்தின்னு உன் பேருலயே ரெண்டு ஏ இருக்குடி. பேரை மாத்திக்க, வேலை பாதியாயிடும்."

யாத்திக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று அவள் அடித்த தாளைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. ஏ இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஓட்டை. இல்லாவிட்டால் பக்கத்து எழுத்து.

மறுநாள் சந்தைக் கடைப் பலகையில் சாக்கட்டியால் தட்டச்சு விசைகளைப் போலக் கட்டங்கள் போட்டாள். மோதிர விரல் தன் எழுத்தோடு ஏ-யையும் சேர்த்துச் சுமக்கட்டும் என்று முடிவு செய்தாள். பெரிய எழுத்துக்கான விசையை உள்ளங்கை விளிம்பால் அழுத்தப் பழகினாள். பாடம் சொல்லத் தனியாக யாரும் தேவைப்படவில்லை. கடைக்கு வந்தவர்கள் கேட்டதையெல்லாம் பலகையில் அடித்தாள். கெலாப்பா, சந்தான், பாசார்... தேங்காய், தேங்காய்ப்பால், சந்தை: எல்லாவற்றிலும் ஏ.

"பலகை தேஞ்சிரும்டி" என்றாள் அம்மா.

"தேயட்டும்மா. விரல் படியுதே."

ஒரு நாள் கூட்டம் குறைந்த வேளையில், அம்மா எந்திரத்தை நிறுத்திவிட்டு அருகே வந்து நின்றாள். அந்தக் கை குதிப்பதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, பாதி அழிந்திருந்த கட்டங்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சாக்கட்டியை மகளிடம் நீட்டினாள்.

மாதம் முடிந்தது. யாத்தி எழுந்து போகவில்லை. டீச்சரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இறுதித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து 'பாக்', அதாவது ஐயா, என்று எல்லோரும் அழைத்த சுப்ரப்தோ என்ற தேர்வாளர் வந்தார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் யாத்தியிடம் நின்றார்.

"விதியிலே பத்து விரல்னு இருக்கு. இந்தப் பொண்ணை எப்படி உட்கார வைக்கிறது, இபு?"

ஹர்டினி டீச்சர் வாயைத் திறப்பதற்குள் யாத்தி எழுந்தாள்.

"எல்லாருமே ஒன்பது விரல்லதான் அடிக்கிறாங்க, பாக்."

"என்னது?"

"இடைவெளி விடுறதுக்கு வலது கட்டைவிரல் போதும். இடது கட்டைவிரல் சும்மாதான் தொங்கிட்டு இருக்கும். வேணும்னா எண்டாங்கை அடிக்கச் சொல்லிப் பாருங்க."

எண்டாங் துணியை விலக்கிவிட்டு இரண்டு வரி அடித்தாள். பாக் சுப்ரப்தோ குனிந்து பார்த்தார். அவளுடைய இடது கட்டைவிரல் கடைசிவரை எதையும் தொடவில்லை. அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"முப்பது வருஷமா இதை நான் கவனிக்கலையே! உட்காரும்மா. ஆனா ஒண்ணு, பிழைக்கு மார்க் வெட்டுறதுல உனக்குன்னு சலுகை கிடையாது."

"வேண்டாம், பாக்."

வேகத்தில் எண்டாங்தான் முதல். பிழையில்லாத தாள் யாத்தியுடையது மட்டும்.

அந்தத் தாளைக் காட்டித்தான் மாவட்ட நீதிமன்றத்தில் தட்டச்சர் வேலை வாங்கினாள். சாட்சிக் கூண்டில் நிற்பவர்கள் பதறிப்போய் ஜாவா மொழியில் கொட்டித் தீர்ப்பார்கள். யாத்தி அவர்கள் முகத்தைப் பார்த்தபடியே இந்தோனேசிய மொழியில் அடித்துக்கொண்டு போவாள். எந்திரத்தைப் பார்க்கத் தேவையில்லாததால் அவள் கண்கள் எப்போதும் பேசுகிறவரிடமே இருந்தன. நிலத் தகராறில் சாட்சி சொல்ல வந்த ஒரு கிழவி, கேள்வி கேட்ட நீதிபதியை விட்டுவிட்டு யாத்தியைப் பார்த்தே முழுக்கதையையும் சொன்னாளாம்.

"அந்தப் பொண்ணுதான் நான் சொல்றதைக் கேட்குது" என்று காரணமும் சொல்லியிருக்கிறாள்.

கணினி வந்தபோது அலுவலகமே கலங்கியது. மூத்த எழுத்தர்கள் ஓய்வுபெறுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். யாத்தி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, விசைப்பலகையின் மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"எல்லா எழுத்தும் அதனதன் பழைய இடத்துலதான் உட்கார்ந்திருக்கு. எதுக்குப் பயம்?" என்றவள், அன்றைய விசாரணைக் குறிப்பை அடிக்கத் தொடங்கினாள்.