அண்ணாச்சிக்கு எதிரான மனு

போன வாரம் இங்கே சவுதியில், அல் கோபாரில் ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் என் கையெழுத்தைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாவது முறையும் ஒத்துவராததால் காகிதத்தை உள்ளே எடுத்துப் போய்விட்டார். காத்திருந்தபோது மேஜையில் திறந்து கிடந்த ஸ்டாம்ப் பேடிலிருந்து மை வாசனை வந்தது. அந்த வாசனைக்கு எனக்குத் தம்மாமில் முன்பு நாங்கள் தங்கியிருந்த கம்பெனி கேம்ப்தான் ஞாபகம் வரும். மற்றவர்களின் கையெழுத்து சரியா என்று பார்க்கும் வேலையை அங்கே கொஞ்ச நாள் நான் செய்திருக்கிறேன்.

அப்போது நான் ஆட்களின் வேலை நேரத்தைக் குறிக்கும் டைம்கீப்பர். வீட்டில் டை கட்டும் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் என் கழுத்தில் தொங்கியது விசில்.

கேம்ப் மெஸ் விஷயமாகப் பாதிப்பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஓட்டெடுப்பு நடத்த வேண்டும் என்று எப்போதோ இருந்த மேனேஜர் ஒருவர் விதி வைத்திருந்தார். அப்படி ஒரு விதி இருப்பதே பலருக்குத் தெரியாது. சாரம் கட்டும் செல்வம்தான் அதைத் தோண்டி எடுத்தான். சமையல்காரர் சேவியர் அண்ணாச்சியை மாற்ற வேண்டும் என்பது மனு.

அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் வைக்கும் மீன்குழம்புக்காகவே வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போகாமல் கேம்பிலேயே கிடப்பவர்கள் உண்டு. அந்தக் கை திடீரென்று கெட்டுப்போனது. சாம்பாரில் உப்பில்லை, ரசம் வெந்நீர் மாதிரி இருந்தது. பத்து மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

சம்பளத் தாளில் உள்ள கையெழுத்தோடு மனுவை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி மேனேஜர் என்னிடம் தள்ளிவிட்டார். லீவில் ஊருக்குப் போனவனுக்கும் சேர்த்து ரூம் நண்பன் போட்டிருந்தான். சம்பளத்துக்குக் கைநாட்டு வைக்கிற ஒருவர் இதில் மட்டும் அழகாகத் தமிழில் எழுதியிருந்தார். கேட்டால், சாப்பாட்டுக் கோபத்தில் எழுத்து வந்துவிட்டது என்றார். அவருக்கு ஸ்டாம்ப் பேடை நீட்டினேன்.

கடைசிப் பக்கத்தில் சேவியர் என்று ஒரு கையெழுத்து. யாரோ விளையாடியிருக்கிறான் என்று சமையல் கட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"யாரும் வெளயாடல, நாந்தான் போட்டேன்" என்றார் அண்ணாச்சி, வெங்காயம் அரிவதை நிறுத்தாமல். "நானும் இந்தச் சோத்தத்தான தம்பி திங்கேன்."

விதிப்படி அது சரிதான். மெஸ்ஸில் சாப்பிடுகிற யாரும் போடலாம். ஆனாலும் நான் நகரவில்லை. அவரே சொன்னார். லீவு கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாராம். மாற்று ஆள் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வேண்டாம் என்று அவர்களே அனுப்பினால்தான் உண்டு.

"ஊர்ல அவளுக்கு ரெண்டு கண்ணும் மங்கிட்டு வருது. முழுசாப் போறதுக்குள்ள என்னைய ஒருக்கப் பாத்துரணும்ங்கா" என்றார். அப்புறம், "உப்பத்தான் கொறச்சேன். கெட்டது எதும் போடல."

கையெழுத்து சரி என்று குறித்துக்கொண்டு வந்தேன். செல்வத்திடம் மட்டும் சொன்னேன். எவ்வளவு கோபமாக மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் அவன்! அன்று ராத்திரியே மனுவில் கையெழுத்துப் போடாதவர்களின் ரூம்களாகப் பார்த்து ஏறி இறங்கினான். மேனேஜர் காதுக்குப் போகக்கூடாது என்பது மட்டும்தான் அவனுக்குக் கவலை.

ஓட்டெடுப்பு மெஸ் வாசலில் நடந்தது. எழுதத் தெரியாதவர்களும் இருந்ததால், அண்ணாச்சி இருக்கட்டும் என்றால் பட்டாணி, போகட்டும் என்றால் கொண்டைக்கடலை என்று வைத்திருந்தோம். மூடியில் ஓட்டை போட்ட எண்ணெய் டின்தான் பெட்டி. இரண்டையும் எடுத்துக் கொடுத்தது அண்ணாச்சிதான், ஸ்டோர் சாவி அவரிடம்தானே இருந்தது. மீன்குழம்புக்காகக் கிடந்தவர்கள் வரிசையாக வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போனார்கள்.

டின்னைக் கவிழ்த்தபோது ஒரு பட்டாணிகூட இல்லை. மேனேஜர், "இத்னா கராப் ஹை க்யா?" என்று என்னைக் கேட்டார். அவ்வளவு மோசமாகவா சமைக்கிறார் என்று அவருக்கே பாவமாகிவிட்டது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் அண்ணாச்சி என்னிடம் வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"எல்லாவனுமா போட்டானுவ?" என்றார். "ஒரு பட்டாணியாச்சும் விழுந்திருக்கலாம்லா."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் விஷயம் தெரியும், அதனால்தான் அப்படிப் போட்டார்கள் என்று விளக்கிச் சொன்னேன். சரி சரி என்றார். ஆனாலும் முகம் தெளியவில்லை. பாஸ்போர்ட்டில் எக்ஸிட் விசா அடித்து வரும்வரை அவர்தான் சமைத்தார், உப்பும் புளியும் பழையபடி திரும்பிவிட்டன. செல்வம் மூன்று முறை குழம்பு வாங்குவான்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். ஆள் இப்படி நரைத்துப் போய்விட்டீர்களே என்று மனைவி சொன்னாராம். அதை இரண்டு தடவை சொன்னார்.

அந்த கேம்பை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கின்றன. நாங்கள் மாறிப்போன இடத்தில் மனு, ஓட்டு எதுவும் இல்லை. செல்வம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். மத்தியானம் எங்களுக்கு வேனில் சாப்பாடு வருகிறது, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிய தட்டுகளில். உப்பு ஒருநாள் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. யார் சமைக்கிறார், அவருக்கு லீவு கிடைக்கிறதா என்று எங்களில் யாருக்கும் தெரியாது.