எல்லோரும் ஒரே பக்கம் அழுத்தியபோது

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெங்களூர் கன்டோன்மென்ட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியையாகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. விசை, நெம்புகோல் என்று கரும்பலகையில் அம்புக்குறிகள் போட்டுப் பாடம் நடத்துவேன். ஆனால் என் குரல் பின் பெஞ்சு வரைக்கும் எட்டாது. அவ்வளவு கூச்சம் எனக்கு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மழை விட்டதும் கடைத்தெரு வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். திருப்பத்தில் ஒரே கூச்சல். வீடு கட்டும் கற்பாளங்கள் ஏற்றிவந்த மாட்டு வண்டியின் சக்கரம் ஒன்று கழன்று, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வண்டிக்காரரின் கால் அச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. மாடுகளை யாரோ அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.

உதவிக்கு ஆள் பஞ்சமில்லை. ஆனால் சிலர் இந்தப் பக்கம் தூக்க, சிலர் அந்தப் பக்கத்திலிருந்து தள்ள, இன்னும் இரண்டு பேர் அவர் தோளைப் பிடித்து இழுத்தார்கள். இவர்கள் பலத்தை அவர்கள் பலம் தின்றுகொண்டிருந்தது. பாரத்தை இறக்கலாமென்று ஒரு கல்லை உருவினால், வண்டி மேலும் சரிந்தது. அது ஆடும்போதெல்லாம், "ஐயோ, விட்டுடுங்கப்பா!" என்று அவர் அலறினார்.

அந்த முகம் வெளுப்பதைப் பார்த்ததும் என்னையறியாமல் கத்திவிட்டேன். "எல்லாரும் கைய எடுங்க! யாரும் தள்ளாதீங்க!"

குதிரை வண்டியோடு பக்கத்தில் நின்ற ஜட்காக்காரர் ஒருவர் மட்டும் திரும்பினார். "என்னா செய்யணும், சொல்லும்மா."

"நீளமா, கெட்டியா ஒரு கம்பு வேணும்."

எதிரே கட்டிக்கொண்டிருந்த வீட்டின் சாரத்திலிருந்து ஒரு மரத்தை அவிழ்த்து வந்தார்கள். அதன் நுனியை அச்சுக்கு அடியில் செருகி, கீழே விழுந்திருந்த ஒரு கல்லை மரத்துக்கு அடியில் முட்டாக வைக்கச் சொன்னேன். அழுத்தினார்கள். வண்டி அசையவில்லை.

"இந்தம்மா பேச்சக் கேட்டா விளங்குனாப்பலதான்" என்றார் ஒருவர்.

குனிந்து மரத்தைப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். பதற்றத்தில் கல்லை மரத்துக்கு நடுவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்! அது வண்டிக்குக் கிட்ட இருந்தால்தானே அழுத்தும் பலம் பெருகும்.

"கல்ல வண்டிப் பக்கம் தள்ளுங்க. இன்னும் கிட்ட... போதும். எல்லாரும் இந்தக் கடைசிக்கு வாங்க. ஒரே சமயத்துல அழுத்துங்க!"

ஜட்காக்காரர் நான் சொன்னதையே கன்னடத்திலும் உருதுவிலும் முழங்கினார். "எல்லாரூ ஒட்டிகே! ஜோர் லகாவ்!" துணிக்கடைக்காரர், காய்கறி விற்கும் அம்மாள், பட்டாளத்துச் சிப்பாய் என்று கைக்கு மேல் கை விழுந்தது. என்னைக் கேலி செய்தவரும் வந்து சேர்ந்துகொண்டார். வண்டி முனகிக்கொண்டு எழும்பியது. ஒரு சாண்கூட இருக்காது. அந்த இடைவெளியில் வண்டிக்காரரை இழுத்துவிட்டார்கள்.

ஜட்காவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு முறிந்திருந்தது, கால் பிழைத்தது. சில மாதங்கள் கழித்து, அதே தெருவில் மாடுகளோடு லேசாகக் காலைத் தாங்கியபடி நடந்துவந்த வண்டிக்காரர் என்னைப் பார்த்து நின்றார். "டீச்சரம்மா, இப்பல்லாம் பாரம் கொறச்சுதான் ஏத்தறேன்" என்று சிரித்தார்.

இத்தனை வருடங்களுக்குப் பிறகும், பலர் கூடியிருந்தும் ஒரு காரியம் நகராமல் நிற்பதைப் பார்த்தால், இவர்களிடம் பலமில்லை என்று எனக்குத் தோன்றுவதேயில்லை. எந்தப் பக்கம் அழுத்த வேண்டும் என்று யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் நகர்ந்துவிடும் என்றே மனம் நம்புகிறது.