மாத்திரையும் விரல் தடமும்

அறுபத்தைந்தாவது வயதில் என் மனைவிக்கு இடது கெண்டைக்கால் வீங்கியது. ஸ்கேனில் ரத்தக்கட்டு என்று தெரிந்தது.

"எளவயசுல ரத்தம் கட்டுனா உடம்பே கரைச்சுக்குமுங்க. வயசாக ஆக அந்தச் சக்தி கொறஞ்சு போகும். ரத்தக்குழாயும் முன்ன மாதிரி நெகிழ்ந்து கொடுக்காது" என்றார் டாக்டர். ரத்தம் மேலும் உறையாமலிருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போகும் என்று அப்போதே எச்சரித்தார்.

அப்படியேதான் ஆயிற்று. ஒருநாள் குளியலறை வாசலில் வழுக்கி விழப்போனவளைத் தாவிப் பிடித்தேன். மறுநாள் அவள் மேல்கையில் என் நாலு விரலும் கருநீலமாகப் பதிந்திருந்தன.

அந்த வாரம் பவானியிலிருந்து மகள் வந்தாள்.

"ஏனுங்ம்மா, கையில என்ன இது?"

"ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை திங்கறனல்லொ கண்ணு, அதனாலதான்."

மகள் என் பக்கம் திரும்பினாள். "மாத்திரைக்கு வெரல் இருக்குதுங்களாப்பா?"

நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. பட்டறையில் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகியவன் நான். வீட்டிலும் அந்தக் குரல் இறங்கியதில்லை. ஆனால் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. என் வீட்டில் வளர்ந்தவளுக்கு அது தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவின் சேலைகளை அவள் பையில் அடுக்கினாள்.

"கொஞ்ச நாளைக்குப் போய்ட்டு வாரனுங்க. அவ மனசு சமாதானமாவட்டும்" என்றாள் மனைவி. மகள் கேட்டதைவிட அதுதான் சுட்டது. மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தேன்.

சில நாள் கழித்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, கட்டில் ஓரம் பட்டதுக்கே அம்மா காலு கன்னிப்போச்சுங்க."

"டாக்டர்தான் சொன்னாரே அம்மணி."

அன்று நம்பாததற்கு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"மறுபடி டாக்டர்கிட்ட எப்பக் காட்டோணுமுங்க?" என்று கேட்டாள். சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

மனைவியைக் கூட்டிவர நானே பவானிக்குப் போனேன். கால் வீக்கம் நன்றாக வடிந்திருந்தது. மகள் என்னைப் பார்க்காமலே டீ கலந்தாள். டம்ளரை வாங்கி என்னிடம் கொடுத்த அவள் மாமியார், எல்லோரும் கேட்கும்படி மரியாதையாகச் சொன்னார்: "வயசான காலத்துல பொம்பளைங்களப் பதனமாப் பாத்துக்கோணுமுங்க."

மகள் அவரைத் திருத்தவில்லை. நான் டீயைக் குடித்து முடித்தேன்.