டுவீ நகரத்தில் அக்காவைக் காணோம்

ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களை வைக்கும் அறைக்கு அவள்தான் பொறுப்பு. ஜனங்கள் மறந்துவிட்டுப் போவதில் பாதிக்கு மேல் குடைகள் என்பதால் போர்ட்டர்கள் அவளுக்குக் குடைக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். யார் வந்து கேட்டாலும் பொருளை லேசில் எடுத்து நீட்டிவிட மாட்டாள். "அதுல என்ன அடையாளம், சொல்லுங்க" என்பாள். சொந்தக்காரன் என்றால் கைப்பிடியில் இருக்கிற கீறல் வரைக்கும் ஒப்பிப்பான். சும்மா சுருட்டிக்கொண்டு போகலாம் என்று வந்தவன் திருதிருவென்று முழிப்பான்.

அப்பேர்ப்பட்டவளுக்குத் தபாலில் ஒரு நாவல் வந்து சேர்ந்தது. தம்பி எழுதியது. தலையணை கனம் இருந்தது. கூடவே ஒரு கடிதம், ஒரு கையெழுத்து? மூச்! படிப்பை விட்டுவிட்டு எழுதப் போகிறேன் என்று அவன் வந்து நின்றதும், "அப்படின்னா வீட்டை விட்டுப் போடா" என்று அப்பா கத்தியதும், இவள் துணி மடித்துக்கொண்டே வாயைத் திறக்காமல் இருந்ததும் பழைய கதை. அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் கண்ணை மூடியபோதுகூட, வந்தவன் ஒரு மூலையில் நின்றுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டான்.

சரி, நாவலாவது நாலு பேருக்குப் புரிகிற மாதிரி இருந்ததா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டுவீ என்று ஒரு நகரம். அங்கே மணி அடிப்பதற்கு முன்னால் இருமுகிற ஒரு கடிகார கோபுரம். ஊர் எல்லை வரை போய், எதையோ மறந்துவிட்டதுபோலத் திரும்பி வரும் ஒரு ஆறு. கேட்காமல் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்து, பாலை மட்டும் சோதனை போடுகிற ஒரு வரி அதிகாரி. வாங்கியவர்கள் பத்துப் பக்கத்தில் கும்பிடு போட்டுவிட்டார்கள்.

இவள் விடவில்லை. ரயில் வராத மத்தியான நேரங்களில், வரிசையாகத் தொங்கும் குடைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தாள். சன்னல் வழியாக மஞ்சள் வெயில் மெல்ல நகர்ந்து வந்து பக்கத்தின் மேல் படுத்துக்கொள்ளும். எங்கேயோ தண்டவாளம் முனகும். படிக்கிறாளா, தூங்குகிறாளா, டுவீயின் தெருவில் நடக்கிறாளா என்று அவளுக்கே தெரியாது. அப்படி ஒரு மயக்கத்தில்தான் டுவீ திரும்பி நின்று வீடு ஆனது. அப்பாவுக்குப் புரியக் கூடாது என்று சின்ன வயதில் அக்காவும் தம்பியும் வார்த்தைகளைத் திருப்பிப் போட்டுப் பேசுவார்கள். அட கழுதை, அதையா கொண்டுவந்து வைத்திருக்கிறான் என்று தனியாகச் சிரித்தாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக ஆள் தெரிந்தது. இருமுகிற கோபுரம் அப்பா. சாவியை மறந்துவிட்டு வாசல்வரை போய்ப் போய் வருகிற ஆறு, வேறு யார், அம்மாதான். வரி அதிகாரி, அந்தக் காலத்தில் பாலுக்காக வீடு வீடாக நுழைந்த திருட்டுப் பூனை. குளியலறையில் கிடந்த கால் உடைந்த முக்காலிகூட ஒரு அரசனாக உட்கார்ந்திருந்தது. இவளை மட்டும் காணோம். பெயர்களைத் திருப்பிப் பார்த்தாள், அத்தியாயங்களின் முதல் எழுத்துகளைக் கோத்துப் பார்த்தாள், பாலங்களையும் பறவைகளையும்கூடச் சந்தேகப்பட்டாள். பூனைக்கு இடம் இருக்கிறது, கூடப் பிறந்தவளுக்கு இல்லையா? அன்றைக்கு வாய் திறக்காததற்கு இதுதான் தண்டனை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அவள் கணவர், சாப்பிட்டுவிட்டுத் தரையில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து நாவலைத் திறந்தாள். முற்றுப்புள்ளியே இல்லாத பக்கம். மூச்சு எங்கே விடுவது என்று தெரியாததால் வாய்விட்டுப் படித்தாள்.

"மழை வந்தா வரட்டும், எனக்கென்ன, ஆனா சொல்லிட்டு வரணும், சொல்லாம வர்ற மழையும் சொல்லாம போற ஆளும் எனக்குப் பிடிக்காது, பாரு, துணியெல்லாம் நனையுது, நான் ஒருத்தி எத்தனையத்தான் காயவைக்கிறது..."

"சரி சரி, புலம்பாத. நான் எடுத்துட்டு வர்றேன்" என்று கணவர் எழுந்து மாடிக்குப் போனார். வெறுங்கையோடு இறங்கி வந்தார்.

"வெயில் கொளுத்துது. கொடியில ஒரு துணிகூட இல்ல. என்ன விளையாட்டு இது?"

"நான் எதுவும் சொல்லலைங்க. புத்தகம் படிச்சேன்."

"புத்தகமா? நீ பேசறேன்னுல்ல நெனச்சேன்" என்றவர் திரும்பப் படுத்துக்கொண்டார்.

அவள் முதல் பக்கத்துக்குப் போய் வாய்விட்டு ஆரம்பித்தாள். 'எனக்கென்ன' அவளுடையது. 'பாரு' அவளுடையது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஊர் சுற்றிவிட்டு வருவது, நடுவில் யாரையாவது ஒரு குத்து குத்துவது, எல்லாம் அவள் பேச்சு. டுவீயில் அவளை எங்கே பார்க்க முடியும்? அந்த நகரத்தின் கதையையே சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்தானே. பக்கத்துக்குப் பக்கம் தன் குரலைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது. அப்படி ஒரு சந்தோஷம்.

எட்டாவது அத்தியாயத்தில் கோபுரம் ஒரு பையனை நகரத்தை விட்டே துரத்துகிறது. கதை சொல்கிறவள் அங்கே குறுக்கே விழுந்து, கோபுரத்தை நிற்க வைத்து இரண்டு பக்கத்துக்குக் கேள்வி கேட்கிறாள். அந்த இடம் மட்டும் அவள் வாயில் ஒட்டவில்லை. மறுபடி படித்தாள், அப்போதும் ஒட்டவில்லை.

சித்தி மகளிடம் நம்பர் வாங்கி, சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டாள்.

"நான்தான்டா."

அவன் வாயைத் திறக்குமுன்னே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"எட்டாவது அத்தியாயத்துல தப்பு இருக்கு. நான் அப்படியெல்லாம் பேச மாட்டேன். மேடையில ஏறின மாதிரி நீட்டி முழக்கிட்டு."

"சரிக்கா" என்றான். "எப்படிப் பேசியிருப்ப? நீயே சொல்லு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போகாதடான்னு சொல்லியிருப்பேன்" என்றாள். "அவ்வளவுதான்."